டிரான்சில்வேனியாவில் வேன் பயணம்: விசாவிலிருந்து வேனைத் திருப்பிக் கொடுப்பது வரை

வேனிலேயே படுத்து, வேனிலேயே சமைத்து, ருமேனியாவின் டிரான்சில்வேனியாப் பகுதியைச் சுற்ற நினைப்பவர்களுக்கு முதல் தலைவலி விசாப் படிவத்திலேயே வந்துவிடும். "இரவில் எங்கே தங்குவீர்கள்?" என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. ஓட்டலில் தங்குபவர் ஒரு முன்பதிவுத் தாளை இணைத்துவிட்டுப் போய்விடலாம். நமக்கு வண்டியும் அதுதான், வீடும் அதுதான். விசாக்காரர்கள் வீட்டுக்குச் சான்று கேட்பார்கள். வாடகை நிறுவனம் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கும். உரிமம் தருகிற ஆர்டிஓ அலுவலகம் விசாவைக் கேட்கும். ஒன்றை வாங்க இன்னொன்று வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வரும் இந்தச் சிக்கலில் நான் மாட்டி அலைந்தேன். நீங்கள் அப்படி அலைய வேண்டியதில்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

இது சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இந்தியக் கடவுச்சீட்டில் ருமேனியா போய், அங்கே கேம்பர் வேன் வாடகைக்கு எடுப்பவர்களுக்காக எழுதியது.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

என்னைக் கேட்டால் செப்டம்பர். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பயணத்தின் உச்சமான டிரான்ஸ்ஃபகரஷான் மலைச்சாலை ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. சுமார் 2,040 மீட்டர் உயரம் வரை ஏறும் சாலை அது. பனியால் இலையுதிர்காலத்தின் கடைசியில் மூடினால், பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் மறுபடி திறப்பார்கள். மே மாதம் போனால் பசுமை இருக்கும், கூட்டம் இருக்காது. ஆனால் மலையின் மேற்பகுதி மூடியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சாலை திறந்திருக்கும். வாடகை ஏறியிருக்கும், முகாம்கள் நிரம்பி வழியும், பிற்பகலில் மலையில் இடி மழையும் சேர்ந்துகொள்ளும்.

அக்டோபர் 31-ஐ ஒட்டிப் போகலாம் என்று பலருக்கு ஆசை வரும். பேய்க்கதைகளுக்குப் பேர்போன ஊரில் ஹாலோவீன் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் வேன்காரர்களுக்கு அது தோதான காலம் இல்லை. அக்டோபர் நடுவிலேயே பல முகாம்கள் மூடிவிடும். இரவில் குளிர் உறைநிலையை நெருங்கும். ஹீட்டர் இல்லாத வேனில் குழந்தைகளோடு படுக்கவே முடியாது. 'டிராகுலா கோட்டை' என்று பெயர்பெற்ற ப்ரான் கோட்டைப் பக்கம் அந்த நாட்களில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதும் கஷ்டம். போதாக்குறைக்கு, ஹாலோவீன் அந்த ஊர்க்காரர்களின் பழைய பண்டிகையும் அல்ல. அவர்களுடைய பேய் இரவு நவம்பர் 29 இரவு, அதாவது மறுநாள் வரும் புனித ஆந்திரேயா திருநாளுக்கு முந்தைய இரவு. இறந்தும் அடங்காத 'ஸ்த்ரிகோய்' அன்று கல்லறையிலிருந்து எழுந்து நடமாடும் என்பது நம்பிக்கை. ஆடி மாதம் நம் வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதுபோல, அன்று கதவிலும் சன்னலிலும் பூண்டைத் தேய்ப்பார்கள். அந்த இரவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வேனை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு கிராமத்து விருந்தினர் இல்லத்தில் அறை எடுங்கள்.

2. வேனைப் பிடித்து வையுங்கள், பணம் முழுவதும் கட்டாதீர்கள்

பயணத்துக்கு நான்கைந்து மாதம் முன்பே வேனைத் தேட ஆரம்பியுங்கள். புக்கரெஸ்ட் விமான நிலையம் இருக்கும் ஒட்டோபேனி பக்கமும் க்ளூஜ் நகரிலும் வாடகை நிறுவனங்கள் உள்ளன. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. தோஹா அல்லது துபாய் வழியாகப் போவதால் புக்கரெஸ்டில் இறங்கி அங்கேயே வேனை எடுப்பதுதான் சுலபம். க்ளூஜில் விட்டுவிடுகிறேன் என்றால் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

வாடகை வேனின் அளவையும் மாதத்தையும் பொறுத்தது. இருவர் படுக்கக்கூடிய வேனுக்கு, கூட்டமான காலத்தில் நாளொன்றுக்கு 100 யூரோவை ஒட்டி வைத்துக் கணக்குப் போடுங்கள். அதோடு சுத்தம் செய்வதற்கும், சமையல் வாயுவுக்கும், போர்வை பாத்திரங்களுக்கும் தனித்தனியாகப் போடுவார்கள். எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை இவை. விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வருமா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? ஓட்டுநரின் குறைந்தபட்ச வயது என்ன, உரிமம் எத்தனை ஆண்டு பழையதாக இருக்க வேண்டும்? இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி போதுமா? வேனின் மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சாதாரணக் கார் உரிமத்தில் அங்கே ஓட்டக்கூடிய எல்லை அதுதான்.

விசா கையில் வரும்வரை, ரத்து செய்யக்கூடிய முன்பதிவை மட்டும் செய்யுங்கள். 'திரும்பத் தரமாட்டோம், அதனால் விலை குறைவு' என்ற ஆசைகாட்டலுக்கு மயங்க வேண்டாம்.

3. விசா: வேனை வீடாகக் காட்டுவது எப்படி

ருமேனியா 2024 மார்ச் 31 முதல் விமான, கடல் வழிகளிலும், 2025 ஜனவரி 1 முதல் தரைவழியிலும் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், வந்துவிட்டது. எனவே வேண்டியது ஷெங்கன் விசா. அதிக நாட்கள் தங்குவது ருமேனியாவில் என்றால் ருமேனியத் தூதரகத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். வேறு நாட்டின் விசா சீக்கிரம் கிடைக்கிறது என்று அங்கே விண்ணப்பித்துவிட்டு, முழுப் பயணத்தையும் ருமேனியாவில் கழிப்பது எல்லையில் கேள்விகளைக் கொண்டுவரும். புது தில்லியில் தூதரகம் இருக்கிறது. உங்கள் ஊருக்கு எங்கே விண்ணப்பம் கொடுப்பது என்பதைத் தூதரகத்தின் தளத்தில் பாருங்கள், இடைத்தரகர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்று விதி இருந்தாலும் 45 நாள் வரை நீட்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

கடவுச்சீட்டு நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், வேலைச் சான்று, விடுப்புக் கடிதம் இவையெல்லாம் வழக்கம்போல.

தங்குமிடச் சான்றுக்கு இப்படிச் செய்யலாம். முதல் இரவும் கடைசி இரவும் ஓட்டல் அறை போடுங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு உடனே வண்டி ஓட்டுவது எப்படியும் நல்லதல்ல, எனவே இது வீண் செலவு இல்லை. நடுவில் உள்ள இரவுகளுக்கு முகாம்களில் இடம் பதிந்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல்களை அச்சிடுங்கள். பதிவுமுறை இல்லாத சிறு முகாம்களுக்கு எழுதிக் கேட்டால், தேதியும் பெயரும் போட்டு ஒரு பதில் அனுப்புவார்கள், அதுவும் சான்றுதான். வேன் முன்பதிவில் அது படுக்கை வசதி உள்ள கேம்பர் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இவற்றுக்கு மேலே ஒரு பக்கத்தில் நாள்வாரி அட்டவணை: தேதி, கிளம்பும் ஊர், சேரும் ஊர், தூரம், இரவு தங்கும் முகாம். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு இரவுக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். 'வழியில் எங்காவது நிறுத்திப் படுப்போம்' என்று எந்த இரவையும் விட்டுவிடாதீர்கள்.

ஒருமுறை நுழைவு விசா வைத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் மால்டோவாவுக்கோ செர்பியாவுக்கோ எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே. போனால் திரும்ப முடியாது. வாடகை வேனையும் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது.

இன்னொன்று: 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கடவுச்சீட்டு முத்திரைக்குப் பதில் விரல்ரேகையும் முகப்படமும் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். முதல் தடவை பதிய நேரமாகும். இறங்கிய ஒரு மணி நேரத்தில் வேன் எடுக்கிறேன் என்று நேரம் குறிக்காதீர்கள்.

4. சர்வதேச ஓட்டுநர் அனுமதி

இதை விசா வந்த பிறகு எடுங்கள். மத்திய அரசின் பரிவாகன் சாரதி தளத்தில் விண்ணப்பித்து, உங்கள் உரிமம் பதிவான ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். ஓராண்டு செல்லும், அதற்குள் உங்கள் உரிமம் காலாவதியானால் அதோடு இதுவும் போய்விடும். உரிமம், கடவுச்சீட்டு, விசா நகல், மருத்துவச் சான்று, புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். எதையாவது ஒன்றை விட்டால் மறுபடி ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டிவரும். உரிமத்தில் பெயரும் கடவுச்சீட்டில் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம்மூரில் தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் விரித்தும் இருப்பது சகஜம். வாடகை மேசையில் அது பெரிய பஞ்சாயத்தாகும்.

இந்த அனுமதி தனியாகச் செல்லாது. அசல் உரிம அட்டையும் கூடவே இருக்க வேண்டும். கைபேசியில் இருக்கும் டிஜிட்டல் நகலை நம்பிப் போகாதீர்கள்.

5. கடன் அட்டை

வேனை எடுக்கும்போது பொறுப்புத் தொகையாக ஆயிரம் யூரோவோ அதற்கு மேலோ உங்கள் அட்டையில் நிறுத்திவைப்பார்கள். பெரும்பாலான இடங்களில் டெபிட் அட்டை செல்லாது. அட்டை ஒப்பந்தத்தில் முதல் ஓட்டுநராக இருப்பவரின் பெயரில் இருக்க வேண்டும். மனைவி பெயரில் அட்டை, கணவர் பெயரில் ஒப்பந்தம் என்றால் சாவி தரமாட்டார்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, வரம்பை உயர்த்திவிட்டுப் புறப்படுங்கள். இருவர் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பெயரையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதாதவர் ஓட்டி விபத்தானால் காப்பீடு கைகொடுக்காது.

6. பெட்டியில் எதை வைக்கலாம்

வேனில் அடுப்பு இருக்கிறது என்றதும் நம் வீட்டார் பாதிச் சமையலறையை மூட்டை கட்டுவார்கள். அரிசி, பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி, அப்பளம் பிரச்சினை இல்லை. பால், இறைச்சி சேர்ந்த பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை உண்டு. எனவே நெய் வேண்டாம், பால்கோவாவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. காய்கறி, தயிர், முட்டை அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

7. வேனை எடுக்கும் அந்த ஒரு மணி நேரம்

இங்கே அவசரப்படவே கூடாது. வேனைச் சுற்றி நிதானமாக ஒரு காணொளி எடுங்கள்: நான்கு பக்கமும், கண்ணாடி, சக்கரங்கள், உள்ளே மேசை, படுக்கை, குளியலறை. கூரையை மறக்காதீர்கள், ஏணி கேட்டு ஏறிப் பார்த்துப் படமெடுங்கள். எனக்கு வேன் கொடுத்த நிறுவனம், திருப்பிக் கொடுத்தபோது கூரை ஓரத்தில் பழைய கீறல் ஒன்றைக் காட்டிப் பணம் கேட்டது. முதல் நாள் எடுத்த படத்தில் தேதியோடு அந்தக் கீறல் இருந்ததால்தான் பேச்சு அத்தோடு முடிந்தது. முழுக் காப்பீடு என்று சொல்லப்படுவதிலும் கூரை, அடிப்பாகம், டயர், கண்ணாடி பெரும்பாலும் சேராது.

ருமேனியச் சட்டப்படி வண்டியில் இருக்க வேண்டியவை: எச்சரிக்கை முக்கோணம் இரண்டு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், ஒளிரும் மேலாடை. இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்தது ரோவினியேட்டா. அந்நாட்டுத் தேசியச் சாலைகளில் ஓடக் கட்டும் சாலைக் கட்டணம் இது. ஒட்டுச்சீட்டு எதுவும் கிடையாது. வண்டி எண்ணில் மின்னணு முறையில் பதியும், கேமரா பார்த்துக்கொள்ளும். வாடகை வேனுக்கு நிறுவனமே கட்டியிருக்கும். ஆனாலும் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் பெட்ரோல் நிலையத்திலோ இணையத்திலோ சில யூரோவில் வாங்கிவிடலாம். வாங்காமல் ஓட்டினால் வரும் அபராதம் அதைப்போலப் பல மடங்கு, அதுவும் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு நிறுவனத்தின் கையாளும் கட்டணத்தோடு சேர்ந்து வரும்.

கடைசியாக, வேனின் உயரத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். வாகன நிறுத்தங்களின் உயரத் தடுப்புக் கம்பிகளும் பழைய கோட்டை வாசல்களும் கேம்பர்களுக்குப் பெரிய எதிரி. டீசலுக்கு அங்கே 'மோட்டோரீனா' என்று எழுதியிருக்கும். 'பென்சீனா' என்றால் பெட்ரோல். மாற்றிப் போட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

8. சாலை

வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கியர் வலக்கையில். முதல் நாள் ஊருக்கு வெளியே காலியான இடத்தில் அரை மணி நேரம் பழகுங்கள். வேகம் ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே பொதுவாக 90, விரைவுச்சாலையில் 130. கேம்பருக்கு இதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால் வேன் தருபவரிடம் கேளுங்கள். டிரான்சில்வேனியக் கிராமங்கள் சாலையின் இருபுறமும் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடப்பவை. வீடுகள் குறைந்ததும் ஊர் முடிந்தது என்று வேகத்தைக் கூட்டிவிடுவோம். முடிவுப் பலகை இன்னும் வந்திருக்காது. காவலர்கள் நிற்பது அந்த இடத்தில்தான். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். மதுவுக்கு அனுமதி அளவு என்று ஒன்றே கிடையாது, பூஜ்யம். மதிய உணவோடு ஒரு பீர் என்பதும் கூடாது. முகாமில் யாராவது வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம் 'சுய்க்கா' கொடுத்தால் மறுநாள் காலை ஓட்டுவதையும் சேர்த்து யோசியுங்கள்.

புக்கரெஸ்டிலிருந்து ப்ரஷோவ் போகும் சாலை வெள்ளி மாலை மலை நோக்கியும், ஞாயிறு மாலை தலைநகர் நோக்கியும் அடைத்துக்கொள்ளும். செவ்வாய் அல்லது புதன் காலையில் கிளம்புவதுபோல விமானத்தைப் பதியுங்கள்.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். இதை நான் பேய்க்கதைக்காகச் சொல்லவில்லை. விளக்கில்லாத குதிரை வண்டிகள், மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகள், தெருநாய்கள், இவற்றோடு கரடிகளும் சாலையில் வரும்.

9. எந்த வழியாகப் போவது

புக்கரெஸ்டிலிருந்து சினாயா வழியாக ப்ரான், ப்ரஷோவ். அங்கிருந்து சிகிஷோவாரா, பியெர்ட்டான், சிபியு. பிறகு டிரான்ஸ்ஃபகரஷானில் ஏறி இறங்கி, ஹுனெடோவாரா, கடைசியில் க்ளூஜ். திரும்பி புக்கரெஸ்ட் வருவதையும் சேர்த்தால் சுமார் 1,400 கிலோமீட்டர். பத்துப் பன்னிரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு வாரத்தில் முடிப்பவர்கள் வேனின் சன்னலைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள்.

ப்ரான் கோட்டையை 'டிராகுலா கோட்டை' என்று விற்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் 15-ஆம் நூற்றாண்டு ஆட்சியாளர் விளாட் த்ஸெப்பெஷின் வீடு அது இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது, கட்டடம் அழகானது. திங்கட்கிழமை நண்பகலுக்குத்தான் திறக்கும், மற்ற நாட்களில் காலை 9 மணிக்கு. சீட்டை இணையத்தில் வாங்கிவிட்டு, திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். பதினொரு மணிக்கு மேல் படிக்கட்டில் நகரவே முடியாது.

விளாட் பிறந்ததாகச் சொல்லப்படும் வீடு சிகிஷோவாராவில் இருக்கிறது. கோட்டைக்குள் மக்கள் இன்னும் குடியிருக்கும் ஊர் அது, யுனெஸ்கோ மரபுச் சின்னம். வேனோடு மேலே ஏற முயலாதீர்கள். கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். பகல் கூட்டம் போன பிறகு, மாலையில் அந்தக் கற்பாவு தெருக்களிலும் கூரை போட்ட மரப்படிக்கட்டிலும் நடந்து பாருங்கள். என் கணக்கில் முழுப் பயணத்திலும் இதற்கு இணையான இடம் இல்லை. அதனால் இங்கே இரண்டு இரவு போடுங்கள்.

சிபியுவில் கூரைகளில் பாதி மூடிய கண்கள் போன்ற சன்னல்கள் உங்களையே பார்க்கும். அங்கே ஓர் இரும்புப் பாலம். அதன்மீது நின்று பொய் சொன்னால் இடிந்துவிழும் என்பார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

டிரான்ஸ்ஃபகரஷான் 1970-களின் தொடக்கத்தில் ராணுவத்தை வைத்துப் போட்ட சாலை. மேலே போக்குவரத்தை இரவில் நிறுத்திவிடுவது வழக்கம், எனவே காலையிலேயே ஏறுங்கள். பிற்பகலில் புயல் மேகம் திரளும். மேகத்தை ஓட்டி வருகிற மந்திரவாதிகளான 'சொலொமொனார்'கள் டிராகன்மேல் ஏறி ஆலங்கட்டி மழையைக் கொண்டுவருவார்கள் என்று இந்தப் பக்கத்துக் கதை. ஆலங்கட்டி நிஜமாகவே விழும், வாடகை வேனின் கூரைக்கு அது நல்லதல்ல. இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள். மூன்றரை டன் வேனை பிரேக்கை மிதித்தே இறக்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

விளாட் உண்மையிலேயே பயன்படுத்திய போயெனாரி கோட்டை இந்தச் சாலையின் தெற்குப் பக்கம் இருக்கிறது. 1,480 படிகள். கரடி நடமாட்டம், பழுதுபார்ப்பு என்று அவ்வப்போது மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

க்ளூஜ் நகரை ஒட்டிய ஹோயா பாச்சு காடுதான் பேய்ப் பயணிகளின் கடைசி நிறுத்தம். அடிமரம் வளைந்து நெளிந்த மரங்கள், நடுவில் மரமே முளைக்காத வட்டமான வெட்டவெளி. 1968-இல் அங்கே எடுத்த பறக்கும் தட்டுப் படம் ஒன்றால் அதன் பெயர் உலகெங்கும் பரவியது. ருமேனியக் கதைகளில் இரவில் வட்டமாக ஆடும் 'இயெலெ' என்ற மோகினிகள் உண்டு. அவர்கள் ஆடிய இடத்தில் புல் கருகிவிடுமாம். அந்த வெட்டவெளியில் நிற்கும்போது இந்தக் கதை தானாக நினைவுக்கு வரும். நுழைவுக் கட்டணம் இல்லை. பகலில் தனியாகப் போகலாம். இரவில் போக விரும்பினால் வழிகாட்டியோடு செல்லும் நடைகளில் சேருங்கள். காட்டில் பாதைகள் பிரிந்து பிரிந்து போகும், இருட்டில் வழி தவறுவது மிகச் சுலபம். வேனைக் காட்டோரம் நிறுத்தி இரவைக் கழிக்க வேண்டாம். முகாமில் விட்டுவிட்டு வாருங்கள்.

10. இரவு தங்குவதும் கரடியும்

முகாமில் இருவரும் வேனும் மின்சாரமும் சேர்த்து ஓர் இரவுக்கு 100 முதல் 150 லெய் வரை ஆகும். லெய் ருமேனிய நாணயம், ஐந்து லெய் சுமாராக ஒரு யூரோ. குடிநீர் நிரப்புவது, கழிவறைப் பெட்டியைக் காலி செய்வது இரண்டையும் முகாமில்தான் செய்ய வேண்டும். குழாயில் 'ஆப்ப பொத்தாபில' என்றிருந்தால் குடிக்கலாம், 'நெபொத்தாபில' என்றிருந்தால் கூடாது.

தேசியப் பூங்காக்களிலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் குறித்த இடத்தில் அன்றி முகாமிடக் கூடாது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், சிலர் தக்காளியும் பாலாடைக்கட்டியும் கொடுத்து அனுப்புவார்கள்.

இந்த வழியில் உயிரோடு விளையாடும் விஷயம் கரடி ஒன்றுதான். ரஷ்யாவை விட்டுவிட்டால் ஐரோப்பாவிலேயே பழுப்புக் கரடிகள் அதிகம் இருப்பது ருமேனியாவில்தான். டிரான்ஸ்ஃபகரஷானின் தெற்குச் சரிவில் அவை சாலையோரம் வந்து பிச்சைக்காரர்போல உட்கார்ந்திருக்கும். பார்த்தால் சாதுவாகத் தெரியும். 2025-இல் அந்தச் சாலையில் வண்டியை விட்டு இறங்கிய வெளிநாட்டுப் பயணி ஒருவரை ஒரு கரடி கொன்றுவிட்டது. சன்னலை இறக்காதீர்கள், படமெடுக்க இறங்காதீர்கள், எந்தத் தின்பண்டமும் போடாதீர்கள். போட்டால் சட்டப்படி அபராதமும் உண்டு. முகாமில் சமைத்த பாத்திரத்தையும் குப்பைப் பையையும் இரவில் வெளியே வைக்காதீர்கள். தாளித்த வாசனை நமக்கு மட்டும் மணப்பதில்லை. கைபேசியில் திடீரென்று அலறும் அரசு எச்சரிக்கை வந்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படியுங்கள், பக்கத்தில் கரடி வந்திருப்பதைச் சொல்வதாக இருக்கலாம். அவசர எண் 112.

11. ஊர்க்காரர்களிடம் கதை கேட்பது

டிராகுலா என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பெயரைப் பேய்க்கதையாக்கியது வெளிநாட்டில் 1897-இல் வந்த நாவல். விளாட் அவர்களுக்கு ஓர் அரசர். ஸ்த்ரிகோய் பற்றி, பாட்டி சொன்ன கதை பற்றிக் கேளுங்கள். முகம் மலர்ந்து பேசுவார்கள். கல்லறைத் தோட்டத்தில் இரவில் படமெடுக்கப் போவதும், சாலையோரச் சிலுவைகளில் ஏறி நிற்பதும் கூடவே கூடாது. சொந்தங்களைப் புதைத்த இடம் அது. கதை சொன்னவருக்குக் காசு கொடுக்காமல், அவர் விற்கும் தேனோ ஜாமோ வாங்குங்கள்.

12. செலவும் வேனைத் திருப்பிக் கொடுப்பதும்

1,400 கிலோமீட்டருக்கு, நூறுக்குப் பத்து லிட்டர் வீதம் 140 லிட்டர் டீசல். 2025 நிலவரப்படி லிட்டர் 7 முதல் 8 லெய், ஆக 1,050 லெய் போல வரும், அதாவது 210 யூரோ. முகாம்களுக்குப் பத்து இரவுக்கு 250 யூரோவை ஒட்டி. நுழைவுச் சீட்டு, சாப்பாடு தனி. மொத்தத்தில் பெரிய தொகை வேன் வாடகையும் விமானமும்தான். கிராமங்களில் அட்டை செல்லாத முகாம்களும் கடைகளும் உண்டு, கையில் சில நூறு லெய் ரொக்கம் வைத்திருங்கள். விமான நிலையத்து நாணய மாற்றுக் கடையில் மாற்றாமல் ஏதாவது வங்கியின் ஏடிஎம்மில் எடுங்கள். திரையில் 'ரூபாயில் கணக்கிடட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

வேனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய இரவு புக்கரெஸ்டுக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். காலையில் கழிவறைப் பெட்டி, கழிவுநீர்த் தொட்டி இரண்டையும் காலி செய்து, டீசல் நிரப்பிய ரசீதோடு போங்கள். காலி செய்யாத கழிவறைப் பெட்டிக்கு மட்டும் தனிக் கட்டணம் போடுவார்கள். நிறுவன ஆள் பார்த்து முடித்ததும், சேதம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாமல் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானத்துக்கு ஓடாதீர்கள். நிறுத்திவைத்த பொறுப்புத் தொகை அட்டைக்குத் திரும்ப இரண்டு, மூன்று வாரம் வரை ஆகலாம். அதுவரை ஒப்பந்தம், காணொளி, டீசல் ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள்.